கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது

ஊர்ப் பொறுப்பில் இருந்த ஒருவர், தன் காலம் முடிந்த பிறகும் கணக்குக் காட்டவில்லை. அடுத்த முறை அவர் பெயரை யாரும் முன்மொழியக் கூடாது என்று ஊர் சொல்கிறது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் ஊர் அத்தோடு விடவில்லை. அவருடைய சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, கூடப்பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார், மனைவியோடு பிறந்தவர், சகோதரியின் கணவர், சகோதரியின் பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவர்களில் எவர் பெயரும் வரக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டது.

இந்தக் கல் இருப்பது உத்திரமேரூரில். தீர்மானம் நிறைவேறிய ஆண்டு கி.பி. 921.

செங்கல்பட்டிலிருந்து தென்மேற்கே 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது உத்திரமேரூர். நெடுங்காலம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. இந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்ட அறிஞர்கள் அதை மதுராந்தகம் வட்டத்து ஊர் என்றே குறித்தார்கள். மாவட்ட எல்லைகள் மாறி மாறி, இன்று அது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் நிற்கிறது. ஊர் நடுவே இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கருங்கல் சுவர்களில் சோழர் காலத் தமிழ் எழுத்து வரிவரியாக ஓடுகிறது. நடுநடுவே வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து கலந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஊர்ச் சபை கூடிய மண்டபம் இது. இந்த ஒரு கோயிலில் மட்டும் என்றில்லை. சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில், கைலாசநாதர் கோயில், சுப்பிரமணியர் கோயில் என்று ஊர் முழுக்கக் கல்வெட்டுகள். பல்லவர் தொடங்கி விஜயநகர காலம் வரை ஒரே ஊரின் பொதுவாழ்வு இவ்வளவு விரிவாகக் கல்லில் கிடைப்பது இந்தியாவிலேயே அரிது.

‘பண்டைய இந்தியக் குடியரசு’ என்றவுடன் பள்ளிப் பாடம் நம்மை வடக்கே வைசாலிக்குக் கூட்டிச் செல்லும். அதில் தவறில்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கங்கைக்கு வடக்கே லிச்சவிகளும் அவர்களோடு சேர்ந்த வஜ்ஜிக் கூட்டமைப்பும் பரம்பரை மன்னர் இல்லாமல், குலத் தலைவர்கள் கூடிப் பேசும் மன்றத்தின் மூலம் ஆண்டார்கள். வஜ்ஜிகள் அடிக்கடி கூடுகிறார்களா, கூடினால் ஒற்றுமையாகக் கலைகிறார்களா என்று புத்தர் கேட்டதாகவும், அது தொடரும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்று சொன்னதாகவும் மகாபரிநிப்பான சுத்தம் சொல்கிறது. மகத மன்னன் அஜாதசத்ரு அவர்களை வென்றான். பிறகும் யௌதேயர், மாளவர் போன்ற கணங்கள் பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்துத் தங்கள் பெயரிலேயே காசு அடித்தன. நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டு, தனக்குப் பணிந்தவர்கள் வரிசையில் இந்தக் கணங்களையும் சேர்க்கிறது. அதற்குப் பின் அவை வரலாற்றிலிருந்து மெல்ல மறைகின்றன. அதே தூணில் காஞ்சியின் விஷ்ணுகோபன் பெயரும் இருக்கிறது என்பதைத் தொண்டை மண்டலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

வைசாலியின் மன்றம் எப்படிக் கூடியது, யார் பேசினார்கள் என்பதைப் பிற்கால நூல்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. உத்திரமேரூர் விஷயம் அப்படியல்ல. சபையே தன் விதியைத் தானே எழுதி, தேதியிட்டு, எழுதியவன் பெயரையும் போட்டு வைத்திருக்கிறது. அதே சமயம் இதைக் குடியரசு என்று சொல்லிவிடவும் முடியாது. மேலே சோழ மன்னன் முதலாம் பராந்தகன் இருந்தான். அவனுடைய ஆணை ஓலை வந்து, அவனுடைய அதிகாரி சபையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் 919-இலும் 921-இலும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. முடியரசுக்குள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்ட ஊராட்சி என்பதே சரியான பெயர். ஆனால் ஊருக்குள் பரம்பரைத் தலைவன் என்று ஒருவனும் இல்லை. ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் மாறினார்கள்.

ஊரை உண்டாக்கிய அரசனின் கதையே ஒரு தேர்வுக் கதைதான். இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் பட்டத்துக்கு வந்தபோது, நேர் வாரிசு இல்லாமல் பல்லவ அரசு தத்தளித்துக்கொண்டிருந்தது. அமைச்சர்களும் கடிகை என்னும் கல்விச்சாலையாரும் நகரத்துப் பெரியவர்களும் பல்லவக் கிளை ஒன்றைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய், அவன் பிள்ளைகளில் ஒருவனைக் கேட்டார்கள். மூத்தவர்கள் தயங்க, பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி வர ஒப்புக்கொண்டான். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் இந்த நிகழ்ச்சி சிற்பமாகவும் எழுத்தாகவும் இருக்கிறது. அவன் அந்தணர்களுக்குக் கொடையாக நிறுவிய ஊர்தான் உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம்.

பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், சபை கூடி முதல் விதியை எழுதியது. இரண்டே ஆண்டில், பதினான்காம் ஆட்சியாண்டில், மறுபடி கூடி அதைத் திருத்தியது. முதல் விதியில் உறுப்பினருக்கு வயது 30-க்கு மேல் 60-க்குள். திருத்தத்தில் 35-க்கு மேல் 70-க்குள். தகுதியின்மைப் பட்டியலும் இரண்டாவது முறை நீண்டுபோயிற்று. தான் எழுதிய சட்டத்தில் இரண்டு ஆண்டு அனுபவத்தில் ஓட்டை தெரிந்து, அதை அடைத்து, பழையதையும் அழிக்காமல் புதியதையும் பக்கத்திலேயே வெட்டி வைத்த சபை இது. நம்முடைய காலத்தில் திருத்தச் சட்டம் என்கிறோமே, அதுதான்.

தகுதிகளைப் பார்ப்போம். வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்று, பிறருக்குக் கற்பிக்கும் அளவு தேர்ச்சி வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். படிப்பு நிலத்தை ஈடுகட்டும். காரியம் செய்யத் தெரிந்தவராகவும், நேர்வழியில் சம்பாதித்தவராகவும் இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் என்னும் சபைக் குழு எதிலும் இருந்திருக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர் வேண்டும், ஆனால் நாற்காலியில் ஒட்டிக்கொள்பவர் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் எழுதிய நிபந்தனை இது.

யார் வரவே கூடாது என்ற பட்டியலில் பெரும் பாவங்கள் செய்தவர்கள், பிறர் பொருளைத் திருடியவர்கள், பொய் ஆவணம் எழுதியவர்கள், முன்பின் யோசிக்காமல் துணிகிறவர்கள், ஊருக்குத் தொல்லையானவர்கள், தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவர்கள் எல்லோரும் உண்டு. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து சுத்தமானாலும் வாழ்நாள் முழுக்க வாரியத்துக்குப் பெயர் எழுதக் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் இந்தப் பட்டியலில்தான், அதுவும் முன்வரிசையிலேயே நிற்கிறார்கள்.

இனி தேர்வு நாள்.

ஊரில் பன்னிரண்டு சேரிகள். அவற்றுக்குள் முப்பது குடும்புகள். இன்றைய வார்டு மாதிரிப் பிரிவு அது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலை நறுக்கில் எழுதுகிறார்கள். ஒரு குடும்பின் ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையை மேலே வைக்கிறார்கள். முப்பது கட்டுகளும் ஒரு குடத்துக்குள் போகின்றன. சிறியவர் முதல் பெரியவர் வரை மகாசபை நிரம்பக் கூடியிருக்கிறது. அன்றைக்கு ஊரில் இருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, கூட்டம் முழுக்கப் பார்க்கும்படி குடத்தை உயர்த்திக் காட்டுகிறார்.

விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிடுகிறார்கள். அவன் குடத்துக்குள் கைவிட்டு ஒரு கட்டை எடுக்கிறான். கட்டை அவிழ்த்து, அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். அதே சிறுவன் அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது: ஐந்து விரலும் அகல விரிந்திருக்க, உள்ளங்கையில் வாங்க வேண்டும். மடக்கிய கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா! அவன் பெயரை உரக்க வாசிக்கிறான். பிறகு உள்மண்டபத்து நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கி வாசிக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அந்தப் பெயர் ஏற்கப்படுகிறது. இப்படியே குடும்புக்கு ஒருவராக முப்பது பேர்.

ஒவ்வோர் அடியிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு பூட்டு போடப்பட்டிருக்கிறது. குடத்தை உயர்த்திக் காட்டுவது, எடுப்பவன் சிறுவனாக இருப்பது, விரித்த கை, பலர் வாசிப்பது எல்லாம் மோசடிக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான். மனிதர்கள் நல்லவர்கள் என்று நம்பி எழுதிய விதி அல்ல இது. ஊர்ப் பணத்தின் பக்கத்தில் நிற்கும்போது நல்லவருக்கும் சபலம் வரும் என்று தெரிந்தவர்கள் எழுதியது.

முப்பது பேரில் ஏற்கனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு. பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். ஆறு பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் ஆறாறு பேரை இதே குடவோலை முறையில் தனியாக எடுத்தார்கள். பதவிக் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே இறக்கிவிட வேண்டும். ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதை இன்றைய அர்த்தத்தில் ‘தேர்தல்’ என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். இங்கே யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. தகுதி உள்ளவர் யார் என்று முதலில் சலித்தெடுத்துவிட்டு, அவர்களில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கலுக்கு விட்டார்கள். அதனால் இது தாழ்ந்துபோய்விடாது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் ஐந்நூற்றுவர் அவையைச் சீட்டுப் போட்டுத்தான் அமைத்தார்கள். பதவிக்கு வருமுன் தகுதிச் சோதனை, விலகும்போது கணக்குச் சோதனை இரண்டும் அங்கேயும் இருந்தன. வெனிஸ் நகரில் 1268 முதல் 1797 வரை ஆட்சித் தலைவரைத் தேர்ந்த முறையில் குலுக்கலும் வாக்கும் மாறி மாறி வந்தன. அங்கேயும் குலுக்கல் உருண்டைகளை எடுக்க ஒரு சிறுவனைத்தான் வைத்தார்கள். காவேரிக் கரை அரசனின் ஆட்சிக்கு உட்பட்ட ஊரும், ஏட்ரியாட்டிக் கரை வணிக நகரமும் ஒன்றையொன்று அறியாமலே குழந்தையின் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பணம் உள்ளவன் ஆள் சேர்க்க முடியாது, குலப்பெருமை பேசி ஓலையை மேலே வரவழைக்க முடியாது என்பதே குலுக்கலின் பலம்.

குடவோலை உத்திரமேரூரில் பிறந்ததும் அல்ல. கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கத்தை அகநானூற்றின் 77-ஆம் பாடல் ஓர் உவமையில் சொல்லிப் போகிறது. உவமையாகச் சொல்கிற அளவுக்குக் கேட்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி அது என்று பொருள். திருநெல்வேலிப் பக்கம் மானூரில் உள்ள ஒரு பாண்டியர் கல்வெட்டு, பராந்தகனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சபை உறுப்பினருக்கு நிலம், கல்வி, ஒழுக்கம் என்று தகுதிகள் வகுக்கிறது. உத்திரமேரூரின் சிறப்பு புதுமையில் இல்லை. அந்த முறையின் நுணுக்கம் ஒன்றுவிடாமல் நம் கைக்குக் கிடைத்திருப்பதில்தான் இருக்கிறது.

குடத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. அதே 921 தீர்மானத்தின் கடைசிப் பகுதி கணக்கெழுதுபவனைப் பற்றியது. நேர்வழியில் வாழ்பவன்தான் ஊர்க் கணக்கு எழுதலாம். எழுதியவன் தன் கணக்கைப் பெரிய வாரியத்தாரிடம் காட்டி, சுத்தம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அவனை மறுபடி அந்த வேலைக்கு எடுக்கலாம். தான் எழுதிய கணக்கைத் தானே வந்து ஒப்படைக்க வேண்டும். வேறொரு கணக்கனைக் கூட்டி வந்து முடித்துக்கொடுக்கக் கூடாது. பொறுப்பைக் கைமாற்றிவிட்டு நழுவும் பழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரு விதியே சாட்சி. தீர்மானத்தை எழுதிய மத்தியஸ்தன் காடாடிப் போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறான்.

பொன்னை உரைத்துப் பார்க்கும் வேலைக்கு வேறொரு ஏற்பாடு. இதுவும் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுத்தான். ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றுப் பார்க்க, மாடவீதியார், சேனையார், எண்ணெய் வணிகரான சங்கரப்பாடியார் ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள். உரைகல்லில் ஒட்டும் பொன்துகளை மெழுகில் ஒற்றி எடுப்பார்கள். அந்த மெழுகை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். துகள் பொன் ஏரிக்குப் போயிற்று!

ஏரிக்கு ஏன் என்று தொண்டை மண்டலத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத சீமை இது. பாலாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். மழை பெய்கிற சில வாரங்களில் பிடித்து வைத்தால்தான் ஆண்டுச் சாப்பாடு. உத்திரமேரூரின் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர்; பல்லவர் காலத்திலிருந்தே கல்வெட்டுகளில் வருகிறது. அதைத் தூர்வார மக்கள் பொன்னும் நிலமும் முதலாக வைத்தார்கள். சபை அந்த முதலைப் பொறுப்பேற்று, வட்டியில் வேலை நடத்தியது. வாரியம் என்பது மண்டபத்தில் உட்கார்ந்து பேசும் பதவி மட்டும் அல்ல. கரை உடைந்தால் ஊர் கேட்பது அந்த ஆறு பேரைத்தான்.

இனி, குடத்துக்குள் போகாத பெயர்கள்.

உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம். சபை அந்தணர் சபை. வேதப் படிப்பும் சொந்த நிலமும் தகுதி என்றால், உழுதவர், நெய்தவர், கரை கட்டக் கூடை சுமந்தவர் யாருடைய பெயரும் ஓலையில் ஏறாது. பெண்களுக்கு அதில் இடமில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் பதிவாகியிருக்கின்றன. குடவோலையைப் பெருமையோடு பேசுபவர்கள் இதை ஒரே வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். இதை மட்டும் பேசுபவர்கள் குடத்தையே மறுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே சுவரில் இருக்கின்றன; இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தனக்குள் அவ்வளவு கண்டிப்பாக இருந்த சபை, தனக்கு வெளியே இருந்தவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அந்தணர் ஊருக்குச் சபை இருந்ததுபோல வேளாண் ஊர்களுக்கு ஊரார் அவை இருந்தது. வணிகப் பட்டினங்களுக்கு நகரத்தார். மாமல்லபுரம் இந்த மூன்றாவது வகை. கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசனின் 25-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதே ஆட்சியாண்டில்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு அரசன் கலசம் கொடுத்தான். தஞ்சையில் பேரரசு தன் பெருமையை வானத்துக்கு உயர்த்திய அந்த ஆண்டில், இங்கே ஆமூர் நாட்டு மாமல்லபுரத்து நகரத்தார் ஒன்றுகூடி, தங்கள் பட்டினத்து நன்செய், புன்செய், தோட்டம் எல்லாவற்றையும் நூறு மனையாகக் கணக்கிட்டு, நான்கு பங்காகப் பிரித்து, யார் எவ்வளவு இறுப்பது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதினார்கள். நிலமில்லாமல் தொழில் செய்து பிழைப்பவர்களும் அந்த வரிக் கணக்கில் வருகிறார்கள். சிற்பங்களைப் பார்க்க வருகிற கூட்டம் கோயிலின் அடிப்பகுதியில் உள்ள எழுத்துகளைப் பார்க்காமலே திரும்பிப் போகிறது. கல்லைச் செதுக்கிய ஊர் தன் வரவுசெலவையும் அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது.

சோழப் பேரரசு சரிந்து, பிற அரசுகள் வந்து, விஜயநகர நாயக்கர் ஆட்சியில் அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கும் முறை வலுத்தபோது சபைகள் தேய்ந்தன. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை அரசுக் கல்வெட்டுத் துறை 1898-இல் படியெடுத்தது. வெ. வெங்கய்யா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் அவற்றை விளக்கி எழுதினார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் கே.வி. சுப்பிரமணிய ஐயரும் 1930-களில் மூல வாசகத்தையும் மொழிபெயர்ப்பையும் திருத்தமாக அச்சிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நாட்டுக்கே இந்த ஊர் தெரிந்தது.

இதற்கு முன்பே செங்கல்பட்டுச் சீமை வேறொரு வழியில் இந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டிருந்தது. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த ஜாகீர் இது. அடுத்த சில ஆண்டுகளில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இங்கே சுமார் 2,000 ஊர்களை அளந்தார். ஏரி எத்தனை, வீடு எத்தனை, விளைச்சலில் கணக்கனுக்கு என்ன பங்கு, வெட்டியானுக்கு என்ன பங்கு என்று ஊர் ஊராக எழுதி வைத்தார்கள். இப்படி வந்து குவிந்த தகவல்களைப் படித்த ஆங்கில அதிகாரிகளுக்கு இந்தியக் கிராமம் தன்னிறைவான தனி அரசாகத் தோன்றியது. 1830-இல் சார்லஸ் மெட்காப் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்றே வருணித்தார். அவர் எழுதியது வடக்கைப் பார்த்து. ஆனாலும் இந்தியா முழுவதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பெயர்தான் மோதலுக்குக் காரணமாயிற்று. 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், மெட்காபின் வருணனையை எடுத்துக்காட்டி, கிராமத்தைப் போற்றும் போக்கைக் கடுமையாக மறுத்தார். குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் ஊறிய இடம் கிராமம் என்பது அவர் வாதம். நவம்பர் 22-ஆம் தேதி, கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் கடமை என்ற பிரிவை கே. சந்தானம் கொண்டுவந்தார்; இன்றைய 40-ஆம் பிரிவு அது. அதை ஆதரித்துப் பேசிய, சென்னை மாகாண முன்னாள் பிரதமர் தங்குதூரி பிரகாசம் காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துச் சொன்னார். குடம்தான் வாக்குப்பெட்டி, பனையோலைதான் வாக்குச்சீட்டு என்று அவர் பேசியது அவைக் குறிப்பில் இருக்கிறது. மறு ஆண்டு 1949 நவம்பர் 25-இல் நிறைவுரை ஆற்றிய அம்பேத்கரே, இந்தியாவில் ஒரு காலத்தில் குடியரசுகள் நிறைந்திருந்தன என்றும், அவையில் தீர்மானம் கொண்டுவருவது, வாக்கெடுப்பது போன்ற முறைகளைப் பௌத்த சங்கங்கள் அறிந்திருந்தன என்றும் நினைவூட்டினார். பழைய மன்றங்களின் நடைமுறையை அவர் மதித்தார். கிராமத்தின் கொடுமையை மறக்க மட்டும் மறுத்தார்.

அவருடைய எச்சரிக்கை வெறும் பேச்சாகப் போகவில்லை. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு வந்தது. 1996-இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு என்று அறிவித்தவுடன் தேர்தலே நடக்க முடியாமல் போயிற்று. மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டார்கள்; வென்றவர்கள் உடனே விலக வைக்கப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். ஒரு பெயரை ஓலையில் எழுதப் பத்து ஆண்டுகள். உத்திரமேரூர்ச் சுவரில் இல்லாத பெயர்களின் கதை அதுதான்.

இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களான செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நிலமும் வேதமும் யாரும் கேட்கவில்லை. வாக்களிக்க வயது 18, போட்டியிட 21.

நாடாளுமன்றப் புதுக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னார். கிராம சபை என்று பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் பெயரும் இதுவே. ஆனால் உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. கிராம சபை என்பது ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. ஆகவே ஊருக்குள் அது கூடுவதில்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது. ஊராட்சியின் வரவும் செலவும் அங்கே வாசிக்கப்பட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து, ஏரிக்கரைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று, குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு செலவு என்று கேட்கலாம். தலைவரோ செயலரோ கூட்டத்தின் முன்பே பதில் சொல்ல வேண்டும்.